நீர்மேல் எழுத்தும் நடுவர் தீர்ப்பும்



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், மலையாள நாட்டின் வள்ளங்களிப் போட்டிகளில் முடிவைப் பற்றி எழும் வழக்குகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும் என்பதாகும். பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவக்கூடும். கேரளத்தில் வாழும் நம்மவர்க்கு இது அண்டை வீட்டுத் திருவிழா. மற்ற இடங்களில் வாழ்வோர்க்கோ, எந்த ஊரிலும் எந்தச் சங்கத்திலும் எழக்கூடிய ஒரு கேள்விக்கு விடை தேட உதவும் சான்று. இருவர் ஏறத்தாழ ஒன்றாக வந்து நிற்கையில், வென்றவர் இவரே என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, எதைக்கொண்டு அவர் அதைச் சொல்ல வேண்டும் என்பதே அக்கேள்வி.

கொச்சி நகரின் கிழக்குப் புறத்தில் உள்ள காக்கநாட்டில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், மத்திய அரசின் பல அலுவலகங்களும், கணினித் தொழில் நிறுவனங்களும் நிறைந்துள்ளன. பிழைப்பின் பொருட்டு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களும் இங்கே பல. இவ்வூரை அடுத்தே திருக்காக்கரைத் திருக்கோயில் விளங்குகிறது. நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை இதுவேயாகும். வாமன மூர்த்தி உறையும் இத்தலத்தை ஓணத் திருநாளின் தாயகம் என்று மலையாள மக்கள் போற்றுகின்றனர். ஓணக் காலத்தில் இங்கே கூடும் பேச்சில் பாதி பூக்கோலத்தைப் பற்றியது என்றால், மறுபாதி வள்ளங்களியைப் பற்றியது. எந்த வள்ளம் இவ்வாண்டு முந்தும் என்று அலுவலகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒரே வாதம்தான்.

சுண்டன் வள்ளத்தை நேரில் கண்டிராத அன்பர்களுக்காகச் சில சொற்கள். சுண்டு என்றால் மலையாளத்தில் அலகு அல்லது உதடு. அலகு போன்ற முனையுடையதாதலின் இது சுண்டன் எனப்பட்டது. நூறு அடியை எட்டும், சில வேளை அதையும் கடக்கும் நீளம். பின்புறமோ பாம்பு படமெடுத்தாற்போல வானோக்கி எழுந்து நிற்கும். துடுப்பு வலிப்போர் எண்பது, தொண்ணூறு பேர் இருமருங்கும் இணையிணையாக அமர்ந்திருப்பர். நடுவே நின்று தாளம் கொடுப்போர் சிலர். பின்னே நெடுந்துடுப்பால் வள்ளத்தைச் செலுத்துவோர் சிலர். வள்ளத்தின் பின்பகுதியை அமரம் என்றும், முன்பகுதியை அணியம் என்றும் கூறுவர். நம் சோழமண்டலக் கரையிலும் மீனவர் வழங்குவன இச்சொற்களே அன்றோ! மொழி பிரிந்தாலும் படகு பிரியவில்லை போலும்.

இவ்வள்ளங்கள் முதலில் பந்தயத்துக்காகத் தோன்றியவை அல்ல. செம்பகச்சேரி அரசர் போருக்காகச் செய்வித்த ஓடங்களே இவை என்பது மரபுவழிச் செய்தி. பின்னர் இவை கோயில் விழாக்களோடு இணைந்தன. அம்பலப்புழைக் கோயிலுக்குத் தெய்வத் திருமேனியை நீர்வழியே கொண்டுவந்த நிகழ்ச்சியின் நினைவாகச் சம்பக்குளத்தில் ஆனி மூலத்தன்று வள்ளங்களி நடைபெறுகிறது. பம்பைக் கரையிலுள்ள ஆறன்முளையில், திருவோண விருந்துக்கான பொருள்களை ஏற்றிவரும் தோணிக்குத் துணையாகப் பள்ளியோடங்கள் செல்வது வழக்கம். திருவாறன்விளை என்று நம்மாழ்வார் பாடிய தலம் அது. அங்கே முந்துவது நோக்கமன்று. பாட்டும் துடுப்பும் ஒத்திசைந்து இறைவன் திருமுன் செல்வதே நோக்கம். ஆகவே முற்காலத்தில் முடிவைப் பற்றிய வழக்குக்கு மிகுதியாக இடமில்லை. போட்டி வந்தது; பரிசு வந்தது; அவற்றோடு வழக்கும் வந்தது.

1952 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆம் நாள், அந்நாளைய பிரதமர் ஜவாஹர்லால் நேரு குட்டநாட்டுக்கு வருகை புரிந்தார். அவருக்கு வரவேற்பாகச் சுண்டன் வள்ளங்களின் பந்தயம் நடத்தப்பட்டது. நடுபாகம் என்னும் சுண்டன் வென்றது. காவலர்கள் திகைத்து நிற்க, நேரு அவர்கள் அவ்வள்ளத்திலேயே ஏறிக்கொண்டார். தில்லி திரும்பியபின், வள்ளத்தின் வடிவில் அமைந்த வெள்ளிக் கோப்பை ஒன்றைத் தம் கையொப்பத்தோடு அனுப்பிவைத்தார். முதலில் பிரதமர் கோப்பை எனப்பட்ட அது, அவர் மறைவுக்குப் பின்னர் நேரு கோப்பை என்று பெயர் பெற்றது. ஆலப்புழையை அடுத்த புன்னமடைக் காயலில் ஆண்டுதோறும் நடைபெறும் பெரும் போட்டி இதுவே. ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர்ப்பாதை. இறுதிச் சுற்றில் நான்கு வள்ளங்கள். ஏறத்தாழ நாலரை நிமிட நேரம். அந்த நாலரை நிமிடத்துக்காகக் குட்டநாட்டின் ஊர்கள் ஓராண்டு முழுவதும் காத்திருக்கின்றன.

இனி வழக்குக்கு வருவோம். 2024 ஆம் ஆண்டுப் போட்டி, வயநாட்டு நிலச்சரிவின் துயரம் காரணமாக ஆகஸ்டு மாதத்திலிருந்து ஒத்திவைக்கப்பட்டு, செப்டம்பர் 28 ஆம் நாள் நடைபெற்றது. இறுதிச் சுற்றில் நான்கு வள்ளங்களும் ஏறத்தாழ ஒரு விநாடி இடைவெளிக்குள் எல்லைக்கோட்டை அடைந்தன. பள்ளாத்துருத்திப் படகுக் கழகத்தார் செலுத்திய காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடியில் வந்தது என்றும், கைநகரி வில்லேஜ் படகுக் கழகத்தார் செலுத்திய வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790 விநாடியில் வந்தது என்றும் அறிவிக்கப்பட்டது. வேறுபாடு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. கோப்பை காரிச்சாலுக்கு என்றனர். வீயபுரம் தரப்பினர் ஒப்பவில்லை; சச்சரவு எழுந்தது; முறையீடு எழுதித் தரப்பட்டது. மேல்முறையீட்டுக் குழு அதனை ஆராய்ந்தது. முடிவு மாறவில்லை, காரிச்சாலின் வெற்றியே நிலைத்தது.

அந்த வேறுபாடு எத்துணை என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். இத்தகைய வள்ளம் விநாடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாகச் செல்கிறது. அவ்வாறாயின் ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடியில் அது கடக்கும் தொலைவு இரண்டு சென்டிமீட்டர், அதாவது ஒரு விரற்கடை. நூறு அடி நீளமுள்ள வள்ளம், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடி, ஒரு விரற்கடையில் வென்றது. மற்றொன்று அதே விரற்கடையில் தோற்றது. கரையில் நின்ற எந்தக் கண்ணும் இதைப் பிரித்தறிந்திருக்க இயலாது.

ஒரு விரற்கடைக்காக இவ்வளவு ஆரவாரமா என்று தொலைவில் இருப்போர் நகைக்கலாம். ஆனால் அந்த ஊர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சுண்டன் வள்ளம் பெரும்பாலும் தனியொருவரின் உடைமையன்று. அது ஊரின் சொத்து, ஊரின் பெயரையே தாங்கி நிற்பது. வள்ளத்தைப் பழுது பார்க்கவும், துடுப்பாளர்களை வாரக்கணக்கில் ஓரிடத்தில் தங்கவைத்து உணவளித்துப் பயிற்சி தரவும் பல இலட்சம் ரூபாய் செலவாகிறது. உழவரும் மீனவரும் கூலித் தொழிலாளரும் அயல்நாட்டில் உழைப்போரும் தத்தம் பங்கைத் தருகின்றனர். வெற்றிபெற்ற ஊரில் அன்றிரவு விளக்கு அணைவதில்லை. தோற்ற ஊரிலோ அன்றிரவு அடுப்பு எரிவதில்லை என்று சொன்னாலும் மிகையாகாது. ஆகவே தீர்ப்புச் சொல்பவர் ஒரு கோப்பையை மட்டும் கையில் ஏந்தி நிற்கவில்லை. ஒரு கரையின் ஓராண்டு உழைப்பை ஏந்தி நிற்கிறார்.

நீர்மேல் எழுத்து என்பது நம் பழைய உவமை. நிலத்தில் ஓடுபவனின் காலடியாவது மண்ணில் பதிந்திருக்கும். நீரில் ஓடும் வள்ளம் எல்லைக்கோட்டைக் கடந்த மறுகணமே அலை அனைத்தையும் அழித்துவிடுகிறது. எஞ்சுவன நடுவரின் கண்ணும் கருவியின் பதிவுமே. இந்த இடர்ப்பாடு குட்டநாட்டுக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுகள் 1877 ஆம் ஆண்டு மோதியபோது, இரண்டும் ஒருசேர வந்தன என்று முதிய நடுவர் ஜான் பெல்ப்ஸ் தீர்ப்பளித்தார். எல்லையைக் காட்டும் கம்பங்கள் அந்நாளில் அங்கே நடப்பட்டிருக்கவில்லை. ஆக்ஸ்போர்டுத் தரப்பினர் தம் படகே சில அடி முந்தியது என்று நெடுங்காலம் கூறிவந்தனர். அந்நடுவர் புதரடியில் உறங்கிக்கொண்டிருந்தார் என்றுகூடக் கதை கட்டிவிட்டனர். அதன்பின் எல்லைக் கம்பங்கள் நடப்பட்டன. தீர்ப்பு மாற்றப்படவில்லை, ஆனால் தீர்ப்பளிக்கும் முறை திருந்திற்று. வழக்கினால் விளையும் நன்மை இதுவேயாகும்.

கண்ணை நம்ப முடியாது என்றதும் உலகம் கருவியை நாடியது. இன்று பெரும் பந்தயங்களில் எல்லைக்கோட்டின் நேரே ஒரு நிழற்படக் கருவி பொருத்தப்படுகிறது. அது போட்டி முழுவதையும் பார்ப்பதில்லை. அந்த ஒரு கோட்டை மட்டுமே, விநாடிக்கு ஆயிரம் முறையும் அதற்கு மேலும், இடைவிடாது பதிவு செய்கிறது. அப்பதிவுகளை அடுத்தடுத்து ஒட்டிவைத்தாற்போன்ற படம் கிடைக்கிறது. எந்த முனை முன்னே கோட்டைத் தொட்டது என்பதை அதிலிருந்து படிக்கலாம். சாதாரணமாகக் கரையிலிருந்து ஒருவர் எடுக்கும் படம் இதற்கு ஈடாகாது. பக்கவாட்டில் சாய்ந்து நின்று எடுத்தால், பின்தங்கிய வள்ளமும் முந்தியது போலத் தோன்றும். ஒவ்வொரு தரப்பாரும் தத்தம் கைப்பேசிப் படத்தைக் காட்டி வாதிடுவதில் பயனின்மை இதனால் விளங்கும்.

ஆயினும் கருவி நுண்ணியதாக இருந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடுமா? இங்கே 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் நீச்சற் போட்டியில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் தகும். 400 மீட்டர் தனிநபர் பல்முறை நீச்சலில் சுவீடன் நாட்டு குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் ஒருசேர வந்தனர். இருவர்க்கும் 4 நிமிடம் 31.98 விநாடி என்று பலகை காட்டிற்று. பின்னர் கருவியின் மூன்றாம் இலக்கத்தை எடுத்துப் பார்த்து, ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடியில் லார்சன் வென்றார் என அறிவித்தனர். நீந்தும் வேகத்தில் அது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். குளத்தின் ஒரு தடத்துக்கும் மறு தடத்துக்கும் இடையே நீளத்தில் அதைவிட அதிக வேறுபாடு இருத்தல் கூடும் என்று அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். கட்டடம் கட்டும் கொத்தனாரின் பிழை, நீந்தியவனின் தோல்வியாகலாமா? அதன் பின்னர் நீச்சலில் நூற்றில் ஒரு பங்கு வரைதான் கணக்கு, அதற்குள் ஒத்தால் இருவரும் சமம் என்று விதி செய்தனர். அவ்விதிப்படியே 2016 ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மூவர் ஒன்றாக வெள்ளிப் பதக்கம் பெற்றனர்.

துடுப்புப் படகுப் போட்டியும் சமநிலையை அறியாததன்று. அதே ரியோ ஒலிம்பிக்கில், ஒருவர் செலுத்தும் 200 மீட்டர் கயாக் போட்டியில், ஸ்பெயின் நாட்டின் சவுல் கிரவியோட்டோவும் ஜெர்மனியின் ரொனால்ட் ரௌஹேயும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஒத்த நேரத்தில், 35.662 விநாடியில், வந்தனர். இருவர்க்கும் வெண்கலம் வழங்கப்பட்டது. ஒருவரும் முறையிடவில்லை. காரணம் எளியது. படகின் முனை கோட்டைத் தொடும் நேரமே கணக்கு என்றும், ஒருசேர வந்தவர்க்கு ஒரே இடம் என்றும் அனைத்துலகச் சங்கத்தின் விதி முன்னமே தெளிவாகச் சொல்லியிருந்தது. முனை என்ற ஒரு சொல்லை விளக்காமல் விட்டுவிட்டால் எத்தனை வழக்குகள் பிறக்கும் என்பதை, சட்டதிட்டங்களை மொழிபெயர்த்தே வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்றோர் நன்கு அறிவோம்.

இவற்றை மனத்திற்கொண்டு புன்னமடைக்குத் திரும்புவோம். காரிச்சாலின் வெற்றியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. கோப்பையைப் பதினாறாம் முறை வென்ற பெருமை அவ்வள்ளத்துக்கு உரியது. வருங்காலத்துக்கு எது நல்வழி என்பதே நம் ஆராய்ச்சி. இதில் மூன்று கேள்விகள் உண்டு.

முதலாவது, புறப்பாடு. குளத்தில் சுவர் உண்டு. காயலில் சுவர் இல்லை. காற்றும் நீரோட்டமும் வள்ளங்களை அசைத்துக்கொண்டே இருக்கின்றன. முற்காலத்தில் ஆட்கள் அமரத்தைப் பிடித்து நிறுத்தினர். பின்னாளில் இதற்கென இயந்திர அமைப்புகள் வந்தன. வள்ளங்களின் நீளம் ஒன்றுபோல் இராது. ஆதலின் பின்புறம் ஒரே வரிசையில் நின்றால் முன்முனை ஒரே வரிசையில் நில்லாது. புறப்படும்போது முனைகள் ஒரு விரற்கடை முன்பின்னாக இருந்தால், முடிவில் ஒரு விரற்கடையை வெற்றி என்று எண்ணுவதற்கு எவ்வளவு பொருள் உண்டு? மூட்டை தூக்கும் தராசில் பொன்னை நிறுப்பது போன்றதன்றோ அது!

இரண்டாவது, அளவின் எல்லை. எவ்வளவு சிறிய வேறுபாடு வரை கணக்கில் கொள்ளப்படும் என்பதைப் போட்டிக்கு முன்னரே விதியாக எழுதி, எல்லாக் கழகத்தாரும் கையொப்பமிட வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று உடன்பட்டால் பின்னர் முணுமுணுக்கலாகாது. நூற்றில் ஒரு பங்கு என்று உடன்பட்டால், அதற்குள் ஒத்தவர்கள் கோப்பையை ஆறு மாதம் ஒருவரும் ஆறு மாதம் மற்றொருவருமாக வைத்துக்கொள்ளலாம். எந்த எல்லை என்பதைவிட, அது எப்போது குறிக்கப்பட்டது என்பதே முதன்மையானது. ஆட்டம் முடிந்தபின் குறிக்கும் எல்லை எதுவாயினும், அது ஒரு தரப்புக்குச் சாய்ந்ததாகவே தோன்றும்.

மூன்றாவது, முறையீட்டைக் கேட்பவர் யார் என்பது. நேரு கோப்பைப் போட்டியை நடத்தும் சங்கத்துக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். அரசு அதிகாரிகளும் கழகங்களின் பழைய அனுபவசாலிகளும் சேர்ந்தே போட்டியை நடத்துகின்றனர். நடத்துவோர் வேறு, முறையீட்டைக் கேட்போர் வேறு என்ற பிரிவு தெளிவாக இருத்தல் நலம். முறையீடு எழுத்தில் வரவேண்டும். குறித்த நேரத்துக்குள் வரவேண்டும். எல்லைக்கோட்டுப் படத்தை இருதரப்பாரும் ஒன்றாக அமர்ந்து காணச்செய்ய வேண்டும். தீர்ப்போடு அதன் காரணமும் எழுத்தில் வெளிவர வேண்டும். தோற்றவன் தீர்ப்பை ஏற்பது, அது தனக்கு இனிப்பதனால் அன்று. அதன் காரணம் தனக்கு விளங்குவதனாலேயே.

நேரத்தைப் பற்றிய வழக்குகளேயன்றி, வள்ளத்தில் யார் அமரலாம் என்ற வழக்குகளும் உண்டு. மணிப்பூர் முதலிய வேற்று மாநிலங்களிலிருந்து பயிற்சி பெற்ற துடுப்பாளர்களைச் சம்பளத்துக்கு அழைத்துவரும் வழக்கம் வளர்ந்திருக்கிறது. அவ்வாறு வருவோர் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்று விதி வகுத்துள்ளனர். ஊரின் ஆட்டம் ஊராரிடமிருந்து போய்விடலாகாது என்ற கவலை அதில் தெரிகிறது. வெளியூரான் ஒருவனைக்கூடச் சேர்க்கமாட்டோம் என்று அவர்கள் கதவடைக்கவும் இல்லை. பிற மாநிலங்களில் வேரூன்றி வாழும் நாம் இந்த விதியின் இருபுறத்தையும் உணரவல்லவர்கள். வந்தவனுக்கும் துடுப்பு உண்டு. ஆனால் தாளம் ஊருக்கு உரியது என்பதே அதன் பொருள். துடுப்பைப் பிடித்தபின் அவனும் அவ்வூர்க்காரனாகவே வியர்க்கிறான்.

2024 இல் விரற்கடையில் கோப்பையை இழந்த கைநகரிக் கழகத்தார் மனமுடைந்து கரையேறிவிடவில்லை. 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள், அதே வீயபுரம் சுண்டனில், 4 நிமிடம் 21.084 விநாடியில் வந்து கோப்பையைக் கைப்பற்றினர். அடுத்து வந்த நடுபாகத்துக்கும் அவர்களுக்கும் இடையே அரை விநாடிக்கு மேல் இருந்தது. இரண்டு மீட்டருக்கும் அதிகமான நீர். முன்னாண்டு முறையீட்டுக் குழுவிடம் கிடைக்காததை அவர்கள் காயலில் பெற்றுக்கொண்டனர். ஆயினும் எல்லார்க்கும் அடுத்த ஆண்டு இவ்வாறு அமைவதில்லை. ஆகவே வலிமையுள்ளவன் மறுமுறை வெல்வான் என்று கூறி, முறையின் குறையை நாம் மூடிவிடலாகாது.

சமம் என்று அறிவிப்பதை நம்மவர் பலரும் ஏதோ தீர்ப்புச் சொல்லத் தெரியாதவரின் சாக்குப்போக்காகவே கருதுகின்றனர். அளக்க முடிந்த வரை அளந்து, அதற்கப்பால் அளக்க முடியாது என்று சொல்வதும் ஒரு தீர்ப்பே. தெரிந்ததைத் தெரிந்ததென்றும் தெரியாததைத் தெரியாததென்றும் சொல்லும் துணிவு நடுவர்க்கு வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை கரையில் நிற்போர்க்கு வேண்டும்.

அன்பர்களே, நீங்கள் வாழும் நகரங்களிலும் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் பொங்கல் விளையாட்டும் உண்டு. சிறு பரிசுக்காகப் பல்லாண்டு நட்பு முறிந்த வரலாறுகளும் அங்கே இல்லாமற் போகா. விதியை முன்னரே எழுதுங்கள்; நடத்துவோரையும் தீர்ப்போரையும் பிரித்து வையுங்கள்; காரணத்தைச் சொல்லுங்கள்; ஒத்து வந்தவர்களை ஒத்தவர்கள் என்றே மதியுங்கள். குட்டநாட்டின் காயல் ஒரு விரற்கடையால் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.